சென்னையின் என்ன?

முதல் தடவை நேரு ஸ்டேடியத்துக்கு என்னோடு வந்த மதுரைக்கார நண்பன், டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "சென்னையின் எஃப்.சி.ன்னு போட்டிருக்கு. சென்னையின் என்னடா? பேரை முடிக்காமலே விட்டுட்டானுங்களா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டோம். அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், இந்தியாவின் புதிய ஃபுட்பால் கிளப்புகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று தோன்றுகிறது.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எட்டுக் கிளப்புகள் ஒரே சமயத்தில் முளைத்தன. மற்றவை ஊர்ப்பெயரைச் சும்மா ஒட்டிக்கொண்டன. சென்னை மட்டும் வேற்றுமை உருபோடு வந்தது. 'சென்னையின்' என்றால் சென்னைக்குச் சொந்தமானது. இதைவிடப் பெரிய உரிமைகோரல் ஒரு கிளப்பின் பெயரில் இருக்க முடியாது. ஆனால் காகிதத்தில் உரிமையாளர்கள் வேறு: அபிஷேக் பச்சன், வீடா தானி, தோனி. இது ஒளித்து வைத்த ரகசியமும் இல்லை. பெயர் ஒன்று சொல்கிறது, பத்திரம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நாங்கள் டிரம் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் என்றால் ரசிகர் குழுக்கள். சென்னையில் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ். கொச்சியில் மஞ்சப்பட. பெங்களூரில் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ். கேலரியில் உட்கார்ந்து கைதட்டுவது இவர்கள் வேலையில் கால்வாசிகூட இல்லை. மொட்டை மாடியில் ராத்திரி முழுக்க பேனர் வரையணும். பெயின்ட்டுக்கும் துணிக்கும் ஆளுக்கு இருநூறு ஜிபே பண்ணணும். வெளியூர் மேட்சுக்கு அன்ரிசர்வ்டில் தொங்கிக்கொண்டு போகணும். பாட்டு கட்டணும், தொண்ணூறு நிமிஷமும் தொண்டை கிழியக் கத்தணும், திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஸ்டாண்ட்-அப்பில் குரலே வராமல் தலையாட்டணும். டி.வி.யில் மேட்ச் பார்க்கிறவருக்கு அந்தச் சத்தம்தான் மேட்ச். கேமரா அடிக்கடி எங்கள் பக்கம் திரும்பும், அதற்குக் கீழேயே ஸ்பான்சர் போர்டு ஓடும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட். சரக்கைத் தயாரிப்பவர் யூசர், லாபம் பிளாட்ஃபாரத்துக்கு.

இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவாவில், பெங்களூருவின் சொந்த மைதானத்தில், சென்னையின் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது முறை சாம்பியன் ஆன ராத்திரி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகைக்கு எந்த நிறுவனமும் ஸ்பான்சர் இல்லை. அதனால்தான் பிரச்னை சிக்கலாகிறது. அன்பு நிஜம். அது தங்கியிருக்கும் வீடு வாடகை வீடு.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்குவது தமிழில் இரண்டாகப் பிரியும். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. விளம்பரங்கள் எப்போதும் முதல் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும்: நம்ம ஊரு, நம்ம டீம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியிலும் மீட்டிங்குக்கு மீட்டிங் 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எட்டுப் பேருடைய லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டபோது வந்த மெயிலில் 'நிர்வாகம் முடிவெடுத்துள்ளது' என்று இருந்தது. கொண்டாட்டத்துக்கு நாம், முடிவுக்கு அவர்கள். ஒரு கிளப் யாருடையது என்று கண்டுபிடிக்க, அது ஜெயிக்கும்போது பார்க்கக் கூடாது. இடம் மாறும்போது பார்க்க வேண்டும்.

மாறியவற்றைப் பார்ப்போம். 2019-ல் எஃப்.சி. புனே சிட்டி கலைக்கப்பட்டது, லீகில் அதன் இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. அதே வருஷம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் பெட்டி கட்டி ஒடிஷா எஃப்.சி. ஆனது. ஹைதராபாத் 2022-ல் சாம்பியன். 2025-ல் அதுவும் ஊர் மாறி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் மாறியது. டெல்லியிடமிருந்து ஒன்று போனது, டெல்லிக்கு இன்னொன்று வந்தது. எக்செல் ஷீட்டில் கணக்கு நேராகிவிட்டது. நாங்கள் சர்வர் மாற்றும்போதுகூட யூசருக்கு முன்கூட்டியே ஒரு மெயில் அனுப்புவோம், உங்கள் டேட்டா பத்திரம் என்று. புனேக்காரனின் ஐந்து வருஷ ஞாபகத்தை எந்த சர்வருக்கு மாற்றினார்கள்?

பழைய பெயருக்கு மட்டும் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. 1889-ல் பிறந்த மோகன் பாகன், 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரிட்டிஷ் ரெஜிமென்ட் அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற கிளப். 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் வருவதற்காக ஆறு வயதான ஏ.டி.கே.வோடு இணைந்தது. பெயர் ஏ.டி.கே. மோகன் பாகன் என்றானது. அந்த மூன்று எழுத்தை எடு என்று ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் கத்தினார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற ராத்திரி உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா எழுத்துகளை எடுப்பதாக அறிவித்தார். புதுப் பெயர் மோகன் பாகன் சூப்பர் ஜெயன்ட். அவருடைய லக்னோ ஐ.பி.எல். அணியின் பெயரில் இருக்கும் அதே சூப்பர் ஜெயன்ட். முன்னால் இருந்த பிராண்டை எடுத்துப் பின்னால் ஒன்றை மாட்டிவிட்டார்கள். இதை ரசிகர்களின் வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இதன் அடுத்த கட்டம் நடந்தது. 1933-ல் தொடங்கிய கிளப்பை 2005-ல் ரெட் புல் வாங்கி, பெயரை மாற்றி, ஊதா நிறத்தையும் எடுத்துவிட்டு சிவப்பு வெள்ளை ஆக்கியது. மாதக்கணக்கில் போராடிப் பார்த்த ரசிகர்கள், பழைய பெயரிலும் பழைய நிறத்திலும் தாங்களே ஒரு கிளப் தொடங்கி அடிமட்ட டிவிஷனிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் இதை ஃபோர்க் என்போம். புராஜெக்ட் போகிற திசை பிடிக்காவிட்டால் கோடை எடுத்துக்கொண்டு பிரிந்து போகலாம். இங்கே கோடு என்பது ஞாபகம், அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. ஆனால் ஒன்று: சால்ஸ்பர்க்காரர்களிடம் பிரித்தெடுத்துப் போக எழுபது வருஷம் இருந்தது. பத்து வருஷக் கிளப்பின் ரசிகனிடம் என்ன இருக்கிறது?

லைப்சிக் இதற்குக் குழப்பமான ஒரு பதிலைத் தருகிறது. 2009-ல் ரெட் புல் ஐந்தாம் டிவிஷனில் ஒரு சின்ன கிளப்பின் இடத்தை வாங்கித் தொடங்கியது. ஜெர்மன் விதிப்படி கிளப் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது. அதனால் 'புல்தரைப் பந்தாட்டம்' என்று பொருள்படும் ராசன்பால்ஷ்போர்ட் என்ற சொல்லைப் புதிதாகச் செய்து, ஆர்.பி. என்ற எழுத்துகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஓட்டுரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி. உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டார்கள். 2014-ல் பெர்லினில் யூனியன் ரசிகர்கள் கறுப்பு உடையில் பதினைந்து நிமிஷம் மௌனமாக நின்று எதிர்த்தார்கள். இதுவரை கதை சுலபம், வில்லன் யாரென்று தெரியும். ஆனால் லைப்சிக்கிலேயே ராசன்பாலிஸ்டன் என்று ஒரு ரசிகர் குழு உருவானது. ஏமாற்றுவதற்காகச் செய்த அந்தச் சொல்லையே நிஜமாக எடுத்துக்கொண்டவர்கள். டீம் வேணும், பான பிராண்ட் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. பொய்ப் பெயருக்குள்ளே ஒரு நிஜமான 'நாங்கள்' பிறக்க முடியும். பி ஸ்டாண்டில் நிற்கிற எனக்கு அது பெரிய ஆறுதல்.

இதையெல்லாம் வியாசர்பாடி சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "கம்பெனி இல்லாம எந்த டீம்டா இருந்துச்சு? ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், எல்லாம் என்ன, ஊர்ல வசூல் பண்ணியா நடத்துனாங்க? அதுல ஆடினா வேலை கிடைக்கும், பென்ஷன் கிடைக்கும்." அவர் சொல்வது உண்மை. அந்த டீம்களையும் முதலாளி நினைத்தால் மூடலாம். மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடியது, ஜே.சி.டி. 2011-ல் மூடியது. "ஆனா சித்தப்பா, அவங்க யாரும் இது உங்க டீம்னு சொல்லி உங்ககிட்ட ஜெர்சி விக்கலையே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரிதான்" என்றார்.

இதே ஊரில் இன்னொரு டீமும் இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி., 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கியது. பெயரில் சென்னையை வைத்துக்கொண்டே கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. 2019 மார்ச் 9 அன்று அங்கே மினெர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-க்குப் பிறகு ஐ-லீகில் அந்த டீமே இல்லை. 'இன்' என்ற உருபுக்கு உடைமை தவிர இன்னொரு வேலையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். ஊரின் நீங்கினான். மதுரைக்காரன் கேட்ட கேள்விக்கு அப்படியும் ஒரு பதில் இருக்கிறது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் 2025-ல் வாசல்வரை வந்தது. சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 2010-ம் வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பு இழுத்தடித்ததால் ஜூலையில் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையினும் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் போனது. எங்களுக்குப் போனது என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எந்தக் கணக்கிலும் நாங்கள் இல்லை.

ஸ்பான்சரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கு எரிய, பஸ் ஓட, பதினெட்டு வயசுப் பையனுக்கு பிசியோ வைக்கப் பணம் வேண்டும். மார்பில் எந்த விளம்பரம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஊர், பெயர், நிறம், சின்னம் என்ற நாலு விஷயங்களில் மட்டும் ரசிகர்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. இது கற்பனை இல்லை. இங்கிலாந்தில் 2025-ல் வந்த ஃபுட்பால் நிர்வாகச் சட்டம், சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்சி நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்கிறது. கார்டிஃப் சிட்டியின் நீலத்தை 2012-ல் உரிமையாளர் சிவப்பாக்கி, 2015-ல் ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து நீலத்துக்கே திரும்பிய மாதிரி அனுபவங்களிலிருந்து வந்த சட்டம் அது.

நம் குழுக்களிடமும் எனக்கு ஒரு புகார் உண்டு. கோச்சை மாற்று என்று கேட்கத் தெரிந்த அளவுக்கு இதைக் கேட்க நமக்குத் தெரியவில்லை. இலவச டிக்கெட், வீரரோடு ஒரு செல்ஃபி, கிளப் பக்கத்தில் நம் பேனரின் போட்டோ. இவை போதும் என்று இருந்துவிட்டோம். நானும்தான்.

எங்கள் பேனர் இப்போது பெரம்பூரில் ஒரு நண்பன் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கிறது. அவன் அம்மா மாதம் ஒரு தடவை "இதை எடுத்துட்டுப் போங்கப்பா, எலி கடிக்குது" என்று போன் செய்கிறார். எடுக்கத்தான் போகிறோம். இந்த முறை அதில் புதிதாக ஒரு வரி எழுத வேண்டும், அது கோச்சைப் பற்றி இருக்காது.