ஆலயக் கலையும் கலைஞனின் நம்பிக்கையும்

ஒரு சமயத்தின் ஆலயத்திற்கு உருவம் சமைப்பவன் அச்சமயத்தை நம்புகிறவனாக இருத்தல் வேண்டுமா? நம்பிக்கை மிக்கவன் ஆற்றல் குறைந்தவனாகவும், ஆற்றல் மிக்கவன் நம்பிக்கை அற்றவனாகவும் வாய்த்துவிட்டால், ஆலயத்தார் எவனை அழைப்பது? இவ்வினா ஏட்டளவில் எழுந்து ஏட்டளவில் அடங்கிவிட்ட ஒன்றன்று. பிரான்சு நாட்டின் மலையூர் ஒன்றில் எழுந்த கத்தோலிக்க ஆலயம் 1950-இல் இதற்கு ஒரு விடை கூறிற்று. அவ்விடையின் காரணமாக ஒரு திருவுருவம் பீடத்தினின்றும் இறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் அதுவே மீண்டும் பீடத்திற்கு ஏற்றப்பட்டது. இறக்கியோரும் ஏற்றியோரும் ஒரே திருச்சபையினர் என்பதே இவ்வழக்கை ஆராய்ச்சிக்கு உரியதாக்குகிறது.

மலையூர் ஆலயம்

மோன் பிளாங் என்னும் பனிமலையை எதிர்நோக்கியிருக்கும் மேட்டுநிலம் அஸ்ஸி. காற்றின் தூய்மை கருதி அங்குக் காசநோய் மருத்துவமனைகள் பல அமைந்திருந்தன. அறிவியல் மேதை மேரி கியூரி அம்மையார் 1934-இல் உயிர் துறந்தது அவற்றுள் ஒன்றிலேயே. காசநோய்க்குத் தக்க மருந்து காணப்படாத அந்நாளில் நோயாளர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அங்குப் படுத்திருந்தனர். அவர்களுடைய ஆன்மிகப் பணிக்கென இருந்த குரு தெவெமி என்பவர், அவர்கள் கூடி வழிபட ஓர் ஆலயம் வேண்டுமென்று முயன்றார். கட்டடக் கலைஞர் மொரிஸ் நொவரினா 1937 முதல் 1946 வரையிலான காலத்தில் அதனை உருவாக்கினார். அகன்று சரிந்த கூரையும் பருத்த கல்தூண்களும் உடைய அவ்வாலயம், பனிக்கும் காற்றுக்கும் பழகிய மலைநாட்டு வீடுபோலத் தோற்றமளிப்பது. அது 1950 ஆகஸ்டு 4-ஆம் நாள் அபிடேகம் பெற்றது.

ஆலயத்தின் உள்ளணிகளைத் திட்டமிடுவதில் தெவெமிக்குத் துணைநின்றவர் டொமினிக்கன் சபைக் குரு மரி-அலேன் கூத்யூரியே. இவர் ஓவியப் பயிற்சி உடையவர். ஆலயக் கலைக்கெனவே நடைபெற்ற இதழொன்றின் ஆசிரியருள் ஒருவர். அந்நாளில் பிரான்சு நாட்டுக் கோயில்களை நிறைத்திருந்தவை அச்சில் வார்த்தெடுத்த சாந்துச் சிலைகளே. இளஞ்சிவப்பும் நீலமும் பூசி, இனிப்புப் பண்டம்போல் மினுக்கிய அவ்வுருவங்கள் பக்தியை வளர்க்கவில்லை, மழுங்கச் செய்தன என்பது கூத்யூரியேயின் குற்றச்சாட்டு. புனிதனும் மேதையும் ஒருவனாகவே கிடைப்பின் அதுவே சிறப்பு. அங்ஙனம் கிடையாத காலத்தில், திறமில்லாத நம்பிக்கையாளனிடம் செல்வதைவிட நம்பிக்கையில்லாத மேதையிடம் செல்வதே மேல் என்பது அவர் கொண்ட முடிபு.

அழைக்கப்பட்டோர்

இம்முடிபின்படி அஸ்ஸிக்கு வந்தோர் பட்டியல் எவரையும் வியப்பில் ஆழ்த்தும். முகப்பில் கன்னிமரியாளின் புகழ்ப்பெயர்களைப் பதிகல் ஓவியமாக அமைத்த பெர்னான் லெஜே பொதுவுடைமைக் கட்சியினர். பீடத்தின் பின்சுவரை மறைத்துத் தொங்கும் பெருந்திரையில், திருவெளிப்பாட்டில் வரும் பெண்ணையும் பாம்பையும் நெய்வித்த ஜான் லுர்சாவும் அக்கொள்கையினரே. மரியாளின் உருவைச் சமைத்த ஜாக் லிப்ஷிட்ஸ் யூதர். தம் முன்னோரின் சமயத்திற்கு உண்மையாக இருந்துகொண்டே, மாந்தரிடையே நல்லுணர்வு வளரும்பொருட்டு இதனைச் செய்ததாக அவர் அச்சிலையிலேயே பொறித்துவைத்தார். திருமுழுக்கு இடத்தில் செங்கடல் கடந்த வரலாற்றை ஓடுகளில் தீட்டிய மார்க் ஷாகாலும் யூதரே. இவர்களுடன் மத்தீஸ், பொன்னார், பிராக் ஆகியோரின் படைப்புகளும் இடம்பெற்றன.

இப்பட்டியலில் ஒரு பெயரைத் தனித்து நோக்குதல் வேண்டும். வண்ணக் கண்ணாடிப் பலகணிகளை அளித்த ஜார்ஜ் ருவோ ஆழ்ந்த கத்தோலிக்கர். 1871-இல் பிறந்த இவர், இளமையில் கண்ணாடி ஓவியப் பட்டறையில் தொழில் பயின்றவர். வாழ்நாள் முழுதும் துன்புறும் கிறிஸ்துவையே எண்ணி எண்ணித் தீட்டியவர். 1948-இல் வெளிவந்த இவருடைய ‘மிசெரேரே’ வரிசையின் 58 அச்சுப்படங்களும் அவ்வெண்ணத்தின் விளைவே. ஆயினும் அஸ்ஸிக்கு முன்னர், முதுமை எய்தும்வரை, ஆலயம் எதுவும் இவரை அழைத்ததில்லை. இவர் படைப்புகள் காட்சிக்கூடங்களிலும் செல்வர் இல்லங்களிலுமே தொங்கின.

இச்செய்தி கூத்யூரியேயின் வாதத்தில் உள்ள இடைவெளியைப் புலப்படுத்துகிறது. நம்பிக்கை உடையோரிடம் திறமில்லை, ஆகவே பிறரை அழைக்க நேர்ந்தது என்று கூறுவது முழு உண்மையன்று. நம்பிக்கையும் திறமும் ஒருங்கே பெற்ற ஒருவர் கண்முன் இருந்தபோதும் ஆலயங்கள் அவரை அறியாதிருந்தன. குறை கலைஞரின் நம்பிக்கையில் இருந்ததைவிட, அழைப்போரின் கண்ணில்தான் மிகுதியும் இருந்தது. ருவோவை அழைத்தமையே அஸ்ஸியின் முதற் பெருமை. லெஜேயை அழைத்தமை அதன் பின்னரே எண்ணத்தக்கது.

பீடத்தில் நின்ற சிலுவை

தலைமைப் பீடத்திற்கெனப் பாடுபட்ட சுரூபம் ஒன்றைச் செய்தவர் ஜெர்மேன் ரிஷியே என்னும் சிற்பி. 1902-இல் பிறந்த இவ்வம்மையார் நம்பிக்கையாளர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர் அல்லர். அவர் வார்த்த வெண்கல உருவில் கிறிஸ்துவுக்கு முகம் இல்லை. சிலுவை வேறு, உடல் வேறு என்று பிரித்துக் காணவும் இயலாது. உலர்ந்த மரம் ஒன்று கைகளை விரித்து நிற்பது போன்றும், மரமே மனிதனாய் நொந்து நிற்பது போன்றும் தோன்றும். மேற்பரப்பு வழவழப்பின்றிப் பட்டைபோலக் கரடுமுரடாக உள்ளது. ஏசாயா தீர்க்கதரிசி, மக்களால் புறக்கணிக்கப்பட்டுத் தோற்றப்பொலிவு இழந்து நிற்கும் துன்ப ஊழியனைப் பாடிய பகுதியே இவ்வுருவின் அடிப்படை என்று இதனை ஆதரித்தோர் எடுத்துக்காட்டினர்.

எதிர்ப்பு விரைந்து எழுந்தது. 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆன்ஜே நகரில் இவ்வாலயம் பற்றித் தெவெமி உரையாற்றியபோது கூட்டத்தில் குழப்பம் விளைந்தது. பழைய முறையிலான கிறிஸ்துவின் முகத்தையும் ரிஷியேயின் உருவையும் அருகருகே அச்சிட்டு, இது நிந்தனை என்று சாற்றிய துண்டறிக்கை பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில் அன்சி மேற்றிராணியாரின் ஆணைப்படி அவ்வுருவம் பீடத்தினின்றும் அகற்றப்பட்டது. 1952 ஜூன் 30-இல் உரோமையிலிருந்து ஆலயக் கலை குறித்து வெளிவந்த அறிவுறுத்தலும் கட்டுப்பாட்டையே வலியுறுத்தியது. கூத்யூரியே 1954-இல் மறைந்தார். ரிஷியே 1959-இல் மறைந்தார். தம் சிலை மீண்டதை இருவரும் காணவில்லை.

எதிர்த்தோரின் கூற்றை எள்ளி ஒதுக்குதல் நேர்மையாகாது. காட்சிக்கூடத்தில் உள்ள சிலையைக் காண வருவோன் சிறிது நேரம் நின்று, பிடிக்கவில்லையேல் அடுத்த அறைக்குச் செல்வான். ஆலயத்தில் உள்ள உருவமோ அத்தகையதன்று. அதன்முன் ஒருவன் முழந்தாளிடுகிறான், பிள்ளைக்காக வேண்டுகிறான், இறந்தோரை நினைந்து அழுகிறான். அவன் பார்வை சென்று தங்குவதற்கு ஒரு முகம் வேண்டும் என்பதும், திறனாய்வாளன் உரை வகுத்த பின்னரே விளங்கும் உருவம் எளிய மக்களுக்கு உதவாது என்பதும் பொருளுள்ள வாதங்களே.

அழுகை என்னும் மெய்ப்பாடு

ஆனால் இவ்வுருவம் எளியோர்க்கு விளங்கவில்லையா என்பதே கேள்வி. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்தார். பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உயிரும் பொருளும் முதலியன இழத்தல் இழவு. பண்டை நிலையினின்றும் தளர்ந்து கெடுதல் அசைவு. துய்ப்பதற்கு ஒன்றும் இல்லாமை வறுமை. சாந்துச் சிலைகளில் உள்ள கிறிஸ்துவின் முகத்தை இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் என்ன காணக்கிடக்கிறது? கண்ணில் ஒரு துளி நீர் உண்டு. நெற்றியில் ஒரு கோடு குருதி உண்டு. இளிவும் இல்லை, அசைவும் இல்லை. அழுகை என்று பெயர் எழுதி ஒட்டிய அழகு முகம் அது. ரிஷியேயின் உருவிலோ முகமே பறிபோனதால் இளிவு தோன்றுகிறது; உடலின் செம்மை சிதைந்து மரமாகியதால் அசைவு தோன்றுகிறது. சுவைப்பொருள் உருவத்திலேயே உள்ளது. அதனை வெளியிலிருந்து உரை கொண்டு ஊட்டவேண்டியதில்லை.

அதனை யார் கண்டனர் என்பதும் முதன்மையானது. அஸ்ஸியின் வழிபாட்டினர் விழாநாளில் வந்துபோகும் செல்வர் அல்லர். நெஞ்செலும்பு எண்ணத்தக்கதாய் மெலிந்து, உற்றாரைப் பிரிந்து, தம் முகம் தமக்கே அயலாகிவிட்ட நோயாளர். இளிவையும் அசைவையும் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்களுள் பலர் அச்சிலுவையைத் தம்முடையதாகக் கொண்டனர் என்றும், அகற்றியபோது வருந்தினர் என்றும் அந்நிகழ்ச்சியை எழுதியோர் பதிந்துள்ளனர். விளங்காது என்று முழங்கியோருள் பலர் அவ்வாலயத்தில் என்றும் வழிபட்டவர் அல்லர். துண்டறிக்கையில் கண்ட படமே அவர்கள் கண்ட சிலை.

இன்னொரு சான்றும் உண்டு. ரிஷியேயின் சிலுவை இறக்கப்பட்ட அதே 1951-ஆம் ஆண்டில், ஜூன் 25-ஆம் நாள், தென்பிரான்சில் வான்ஸ் என்னும் ஊரில் டொமினிக்கன் கன்னியர்க்காக மத்தீஸ் அமைத்த சிற்றாலயம் அபிடேகம் பெற்றது. நோயுற்றிருந்தபோது தமக்குப் பணிவிடை செய்து, பின்னர்க் கன்னியர் மடம் புகுந்த இளம் பெண்ணொருத்தியின் தொடர்பால் அவர் இப்பணியை மேற்கொண்டார். வெள்ளை ஓடுகளின்மேல் கருங்கோடுகளால் அவர் வரைந்த புனித டொமினிக்கின் உருவிற்கும் முகம் இல்லை, மரியாளுக்கும் இல்லை. அவ்வாலயமும் கண்டனத்திற்குத் தப்பவில்லை எனினும் அவ்வுருவங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆகவே முகமின்மை ஒன்றே தாங்கொணாததாயிற்று என்று கொள்வதற்கில்லை. அமைதியாய் நின்ற முகமின்மை பொறுக்கப்பட்டது. துன்புற்று நின்ற முகமின்மை பொறுக்கப்படவில்லை.

குறையும் நிறையும்

அஸ்ஸியில் குறை இல்லாமலில்லை. பல பெரும் புலவரின் செய்யுட்களைத் திரட்டிய தொகைநூல் போன்றது அவ்வாலயம். தொகைநூலிலும் திணை, துறை என்னும் வரம்பு உண்டு. அஸ்ஸியில் அவ்வரம்பு நெகிழ்ந்துள்ளது. லெஜேயின் முகப்பு தெருவோரச் சுவரொட்டி போல உரத்துப் பேசுகிறது. உள்ளே ருவோவின் கண்ணாடி தாழ்ந்த குரலில் செபிக்கிறது. லுர்சாவின் பெருந்திரை தன் அளவாலும் நிற எதிர்மையாலும் பீடத்தையே விழுங்குகிறது. அதன் முன்னே சிலுவை சிறுத்துத் தோன்றுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை நன்கு செய்தனர். முழுமை யாருடைய பொறுப்பு என்பது மட்டும் தெளிவாகவில்லை. ஒரே கையால் கோலப்பட்ட வான்ஸ் ஆலயம் தொடர்நிலைச் செய்யுள்போல் ஒருமைப்பாடு உடையது. அங்கே மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே வரும் ஒளிகூட வெள்ளைச் சுவரில் வீழ்வதற்கென்றே எண்ணப்பட்டது.

இங்கிலாந்தின் காவென்ட்ரியில் இக்குறையை நீக்கும் முயற்சி நிகழ்ந்தது. 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு குண்டுவீச்சில் அழிந்த பேராலயத்தின் அருகே, பேசில் ஸ்பென்ஸ் திட்டமிட்ட புதிய பேராலயம் 1962 மே 25-இல் அபிடேகம் பெற்றது. கத்தோலிக்கரான கிரகாம் சதர்லண்டு வரைந்த கிறிஸ்துவின் பெருந்திரை அந்த ஆங்கிலிக்கன் ஆலயத்தின் பீடச் சுவரை நிறைத்தது. யூதரான ஜேக்கப் எப்ஸ்டீன் செய்த புனித மிக்கேல் புறச்சுவரில் நின்றார். கலைஞர் பலராயினும் எது எங்கே நிற்கும் என்பதைக் கட்டடக் கலைஞர் கருத்தில் கொண்டு கட்டினார். ஆதலின் அங்குத் திரை பீடத்தை விழுங்கவில்லை. அதனை நோக்கியே கண்ணை அழைத்துச் செல்கிறது.

காலம் தந்த தீர்ப்பு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டுச் சட்டம், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்றும், அவ்வக்கால மக்களின் கலைக்கு உரிய மதிப்புடன் இடமளிக்கவேண்டும் என்றும் கூறிற்று. மறு ஆண்டு மே திங்களில் பாப்பரசர் ஆறாம் பவுல், சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைக் கூட்டி, திருச்சபை அவர்களை வருத்தியதற்கு மன்னிப்பு வேண்டி, நட்பைப் புதுப்பிக்க அழைத்தார். 1969-இல் ரிஷியேயின் சிலுவை அஸ்ஸியின் பீடத்திற்கு மீண்டது.

இவ்வரலாற்றிலிருந்து கலைஞனுக்கு நம்பிக்கையே வேண்டாம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ரிஷியேயின் சிலுவைக்குப் பின்னே மறைநூல் உண்டு. அதனைப் பொருளாக ஏற்ற குருமார் உண்டு. எந்த மக்கள் முன்னே அது நிற்கப்போகிறது என்ற அறிவு உண்டு. நம்பிக்கை அங்கே இல்லாமற் போகவில்லை. ஒருவரிடம் கருத்தாகவும் ஒருவரிடம் கைவண்மையாகவும் பிரிந்து நின்றது. இரண்டும் ருவோ ஒருவரிடத்தே கூடிநின்றன. அதுவே மேலான நிலை. கூடாதவிடத்து, அழைப்போன் தான் யாது வேண்டுகிறான் என்பதைத் தெளிய அறிந்திருத்தல் இன்றியமையாதது. அத்தெளிவு இல்லாவிடின் மேதையை அழைத்தாலும் ஆலயம் காட்சிக்கூடமாகும். பக்தனை அழைத்தாலும் அது பொம்மைக்கடையாகும்.

நூலாசிரியனின் சமயத்தை முதலில் வினவி, அதன்பின் நூலைத் திறக்கும் வழக்கம் இலக்கிய ஆராய்ச்சியிலும் காணப்படுவது. அஸ்ஸி வழக்கு அவ்வழக்கத்திற்கும் ஒரு மறுப்பு. துண்டறிக்கை அச்சிட்டோர் சிற்பியின் கொள்கையை ஆராய்ந்தனர். நோயாளர் சிலுவையை நோக்கினர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பொருந்தி நின்றது நோயாளர் கண்ட காட்சியே.