‘நர்ஸ்தானே!’

பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருடங்கள் தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். அங்கே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நல்ல மார்க் எடுத்த ஒரு பெண், ‘நர்சிங் படிக்கப் போறேன்’ என்றால் என்ன பதில் வரும்? உங்களுக்கே தெரியும். ‘இவ்வளவு மார்க்கை வச்சுக்கிட்டு நர்ஸா?’

‘வேலூர் சி.எம்.சி.யில இடம் கிடைச்சிருக்கு’ என்று அவள் சேர்த்துச் சொல்லட்டும். உடனே குரல் மாறும். ‘அடடே, வெளிநாட்டுக்கே போயிடலாமே!’

கவனித்தீர்களா? மரியாதை காலேஜ் பெயருக்கு. அப்புறம் விசாவுக்கு. வேலைக்கு இல்லை.

வேலூரின் பெயர் சும்மா வந்ததல்ல. ஐடா ஸ்கடர் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1909-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியே 1918-ல்தான் வந்தது. 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பமானது. அதே வருடம் டெல்லியிலும். நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவை இரண்டும்தான்.

‘ஊசி போட எதுக்குப் பட்டம்?’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஐக்கன் குழுவினர், 168 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பத்து நர்ஸ்கள் கூடுதலாகப் பட்டதாரிகளாக இருந்த இடங்களில், நோயாளி இறக்கும் அபாயம் 5 சதவிகிதம் குறைவு!

ஏன் என்பதை செண்பகத்தோப்பில் வைத்துப் பார்ப்போம். மலையடிவாரத் தோப்பில் ராத்திரி காவலுக்குப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். டாக்டர் விஷமுறிவு மருந்து எழுதிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடுகிறார். அப்புறம் பக்கத்தில் நிற்பது யார்? கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா, கண் இமை சொருகுகிறதா, மருந்தே ஒத்துக்கொள்ளாமல் பிரஷர் இறங்குகிறதா என்று விடிய விடியப் பார்ப்பது நர்ஸ். அந்த இமை சொருகினால் அது தூக்கமா, விஷமா? கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும். கண்டுபிடித்த நிமிடத்தில் டாக்டரை ஓடிவர வைக்கத் தைரியம் வேண்டும். ‘நர்ஸ்தானே’ என்று நாலு பக்கமும் கேட்டே வளர்ந்தவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

நாம் என்ன விலை வைத்தோம் தெரியுமா? தமிழக அரசு 2015-ல் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். ஒரு நாளைக்கு 257 ரூபாய்கூட முழுசாக வராது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடிய பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. பிற்பாடு சம்பளம் உயர்ந்தது, உண்மை. ஆனால், அந்த முதல் விலையை நிர்ணயித்த மனசு மாறியதா?

‘படிச்சவங்க எல்லாம் வெளிநாட்டுக்குப் போயிடறாங்க’ என்று அலுத்துக்கொள்கிறோம். போகாமல்? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ‘சிஸ்டர், நீங்க தெய்வம்’ என்கிறோம். தெய்வத்துக்கும் வீட்டு வாடகை உண்டு சார்!