எடை குறைந்தது, சேய் நலமா?

எடை குறைப்பு அறுவைக்குப்பின் கருவுற்றோரைப் பற்றிய ஸ்வீடன் ஆய்வொன்று 2015இல் 'நியூ இங்கிலாண்டு ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. அவர்களது 596 பேறுகளை, அறுவைக்கு முன் அவர்களுக்கிருந்த அதே பருமனுள்ள, அறுவை செய்துகொள்ளாத பெண்களின் பேறுகளுடன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். இதுவே ஆய்வின் சிறப்பு. மெலிந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால், பருமனின் கேடும் அறுவையின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

கர்ப்பகால நீரிழிவு நூற்றுக்கு 6.8க்குப் பதில் 1.9 பேருக்கே வந்தது. மிகப் பெரிய குழந்தைகள் 22.4இலிருந்து 8.6ஆகக் குறைந்தன. வாசகர்களே, இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 7.6க்குப் பதில் 15.6! தாய்க்குச் சத்து குறைந்தால் சேய்க்கும் குறையுமன்றோ?

குழந்தை இறப்பைப் பற்றிய பகுதியே வலுவற்றது: 0.7க்கு எதிராக 1.7. எண்ணிக்கை சிறிதாதலால் இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆபத்து உண்டென்று முடிவு கட்டுவதும், இல்லையென்று ஒதுக்குவதும் தவறு.

எடை குறைந்ததும் சினைமுட்டை வெளிப்பாடு பலருக்கு விரைவில் சீராகும்; எதிர்பாராமல் கரு தரிக்கலாம். ஆகவே 12 முதல் 18 மாதம் பொறுத்து, இரும்புச்சத்தும் வைட்டமின்களும் குறையாமல் கருவுறுமாறு மருத்துவர்கள் கூறுவதை இவ்வாய்வோடு சேர்த்தே படியுங்கள்.