கார்னருக்குள் ஒரு கணக்கு

கணக்குப் போட்டு ரசிப்பது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. தனி ஆவர்த்தனத்தின்போது தொடையில் தாளம் தட்டியபடி, கோர்வை எங்கே வந்து விழப்போகிறது என்று காத்திருப்பவருக்குச் சும்மா கேட்பவரைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கிடைக்கிறது. புள்ளிவிவரம் நுழைந்ததும் கால்பந்தின் அழகு போய்விட்டது என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. லீகில் 40 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த பெங்களூருவை 9ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி முன்னிலைக்குக் கொண்டுபோனார். 17ஆவது நிமிடத்தில் கிரகரி நெல்சன் ஒரு கார்னர் அடித்தார். சென்னையின் எஃப்.சி.யின் பிரேசில் டிஃபண்டர் மைல்சன் ஆல்வ்ஸ் எம்பித் தலையால் முட்ட, கோல்! இடைவேளைக்குச் சற்று முன்னால் மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மைல்சனின் தலை. பிறகு ரஃபேல் அகஸ்டோவும் ஒன்று போட, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது.

100 கார்னர் அடித்தால் கோலாவது மூன்றோ நான்கோதான். ஒரே பாதியில் ஒரே ஜோடி இரண்டு முறை அதைச் சாதித்தது எவ்வளவு அபூர்வம் என்பது கணக்குத் தெரிந்தவருக்குத்தான் முழுசாக உறைக்கும். அதே ஆள், இந்த ஒரு மேட்சை வைத்துக் கார்னரே கதி என்று முடிவுகட்டவும் மாட்டார். அந்த நிதானம்தான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த மூன்று நான்கை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று மெனக்கெட்டது டென்மார்க்கின் மிட்ஜுலாண்ட் கிளப். கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் தனிப் பயிற்சி வைத்து, 2015இல் முதல்முறையாக நாட்டின் சாம்பியனானது. அதன் அப்போதைய முதலாளி மாத்யூ பென்ஹாமின் இன்னொரு கிளப்பான பிரென்ட்ஃபோர்ட், 74 ஆண்டுகள் கழித்து 2021இல் இங்கிலாந்தின் உச்ச லீகுக்குத் திரும்பியது.

இவர்கள் கையிலுள்ள முக்கியமான அளவுகோல் எக்ஸ்.ஜி. ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று அது மதிப்புப் போடுகிறது. பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேலே. பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தால் சொற்பம். ஆகவே ஸ்ட்ரைக்கரை வாங்குகிறவர்கள் அவர் போட்ட கோலோடு நிற்பதில்லை; நல்ல இடத்துக்கு எத்தனை முறை வந்து சேர்கிறார் என்றும் பார்க்கிறார்கள். அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்தெடுக்கும் இதே வேலையைக் கிரிக்கெட்டில் நம் ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர்கள் செய்திருக்கிறார்கள். கேட்ச் தவறியதால் எத்தனை ரன் கூடியது என்று சொல்லும் லக் இண்டெக்ஸ் 2019இல் வந்தது.

அடுத்த முறை நேரு ஸ்டேடியத்துக்குப் போகிறவர்கள் ஒரு பாதி நேரமாவது ஸ்கோரை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று ஒரு தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள்.