பாயில் நெய்த இரண்டு பெயர்கள்: குற்றாலம் கடைகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

போன ஆனியில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு வேலை கொடுத்தாள். அவள் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட பத்தமடைப் பாய் ஒன்று வேண்டும். "குத்தாலத்துல சீசன் கடையெல்லாம் போட்டிருக்காங்கல்லா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றாள். பண்பொழியிலிருந்து குற்றாலம் பக்கம்தான். சாரலில் நனைந்தபடியே பைக்கில் கிளம்பினேன். ஒரு பாய் வாங்கப் போனவன் கடைகளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாய் உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. ஒரு தலைப்பில் என் பெயர், மறு தலைப்பில் மனைவி பெயர், கூடவே தேதி. அரக்குச் சிவப்பில் கரை. வேட்டியை மடிக்கிற மாதிரி நாலாக மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறோம். கோரைப் புல் என்று சொன்னால்தான் தெரியும். கையில் எடுத்தால் துணிதான்.

கடையில் ஒரு பாயை விரித்துக் காட்டினார்கள். நிறம் பளிச்சென்று இருந்தது. "மடிச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

"மடிக்காதீங்க அண்ணாச்சி, ஒடிஞ்சிரும்."

"பத்தமடைப் பாய்னுதானே சொன்னீங்க?"

"பத்தமடை மாடல்" என்றார் பையன். பொய் சொல்கிற முகமே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு டிசைனின் பெயர், அவ்வளவுதான். அந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அருவிக்குப் போகாமல் கடைகளையே சுற்றினேன். பெயர் தெரியாத மூலிகை எண்ணெய்கள், துண்டு, குளிக்க அரைக்கால் சட்டை, ஏலக்காய், கிராம்பு, பிளாஸ்டிக் துப்பாக்கி, கீ செயின். வலைப்பையில் பிளாஸ்டிக் சொப்புச் சாமான் தொங்குகிறது. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்கிற சொப்பு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உரல், உலக்கை, அம்மி, திருகை என்று ஒரு முழு அடுக்களையையே சின்னதாகக் கடைந்து தருகிற ஊர் அது. குற்றாலத்தில் கிடைக்கிற எதுவும் குற்றாலத்துக்கு வந்ததற்கு அடையாளம் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதே சரக்குதான், துண்டில் அச்சடித்த ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதை எழுதினால் சிரிப்பீர்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பெரிய உருளி, கொதிக்கிற தேங்காய் எண்ணெய். ஒருத்தர் காயை உரித்து, கட்டையை உருளிக்கு மேலேயே பிடித்து, நேரே எண்ணெய்க்குள் சீவுகிறார். எல்லா வில்லையும் ஒரே கனம். உப்புத் தண்ணீரை எப்போது தெளிப்பது, எந்தச் சத்தம் அடங்கும்போது அரிகரண்டியால் அள்ளுவது என்பதெல்லாம் அவர் காதில் இருக்கிறது. செய்கிறவர், செய்கிற விதம், விற்கிற விலை மூன்றும் ஒரே இடத்தில், நம் கண் முன்னே. கைவினைச் சந்தை என்ற சொல்லுக்கு அந்த வரிசையில் பொருந்துகிற கடை அது ஒன்றுதான். ஆனால் அதை யாரும் கைவினை என்று சொல்வதில்லை, தின்பண்டம் என்றுதான் சொல்கிறோம்.

இப்போது "இந்த ஊருக்குப் போனால் தவறவிடக் கூடாத வினோதமான கடைகள்" என்று பட்டியல் போடுகிற எழுத்து பெருகிவிட்டது. வீடியோக்களும் அப்படியே. எங்கள் பக்கத்துப் பட்டியல் என்றால் முதல் இடம் நெல்லையப்பர் கோயில் தேரடிக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், பெயர்ப் பலகை கிடையாது, ஒற்றை பல்பு, சீக்கிரமே அல்வா தீர்ந்துவிடும். அடுத்து பிரானூர் பார்டர் புரோட்டா. பட்டியல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அதைப் பார்த்துப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த எழுத்தின் குறை இது: அது கடையின் கோலத்தைப் பார்க்கிறது, சரக்கு வந்த வழியைப் பார்ப்பதில்லை. இருட்டு, ஒற்றை பல்பு, வரிசை எல்லாம் படம் பிடிக்க வசதி. சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து மணிக்கணக்கில் கிண்டுகிற கை படத்தில் வராது. இருட்டுக்கடையில் நல்ல சரக்கும் வினோதமும் தற்செயலாகச் சேர்ந்திருக்கின்றன. பட்டியல் படித்தவர் வினோதம் இருந்தால் சரக்கும் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்டிக்கொள்கிறார். அதனால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் எத்தனையோ கடைகள் திறந்திருக்கின்றன.

குற்றாலம் கடைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்வது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. சீசன் என்பது ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை. சாரல் பிந்தினால் அதிலும் குறையும். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகிற நாட்கள். இடத்தை ஏலத்தில் எடுத்து, கொட்டகை போட்டு, அந்தச் சில வாரங்களுக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் தினமும் கை மாறுகிற சரக்கைத்தான் அடுக்குவார். ஒரு பட்டுப்பாய் நெய்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அதை வாங்குகிறவரோ ஈரத் துணியோடு அருவியிலிருந்து வருகிறவர் இல்லை. தறியின் காலமும் கொட்டகையின் காலமும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

(எங்கள் பக்கத்துச் சந்தையே எப்போதும் மேற்கே பார்த்த சந்தைதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. 1904-இல் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போனது. இன்றும் சிப்ஸ் கடைக்காரர் முதலில் மலையாளத்தில்தான் கூப்பிடுகிறார். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

மறுநாள் செங்கோட்டை - திருநெல்வேலி ரயிலில் ஏறிச் சேரன்மகாதேவியில் இறங்கிப் பத்தமடை போனேன். வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். இறங்கியது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வீட்டின் முன்கட்டில் தரையோடு தரையாகத் தறி. மூங்கில் முக்காலி ஒன்றுதான் உயரமான பொருள். தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து இன்னும் மெலிசாகக் கீறுகிறார்கள். பாவு சாதாரணப் பாய்க்குப் பருத்தி நூல், உயர்ந்த ரகத்துக்குப் பட்டு நூல். சிவப்புக்குப் பழைய காலத்தில் சப்பங்கி மரத்துச் சாயம். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். ஒவ்வொரு கோரையாகக் கையால் செருகி அடிப்பதைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வளர்ந்ததாகவே தெரியவில்லை.

நான் போன வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கல்யாணப் பாயின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "இது இங்கத்த பாய்தான் தம்பி. எழுத்து விழுந்திருக்க விதத்தப் பாத்தாலே தெரியுமே. யாரு கை வேலைன்னுதான் சொல்ல முடியல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் பாயில் இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டும் அதில் ஒரு இழைகூட நெய்யாதவர்களின் பெயர். நான் பார்க்கிற வேலையில் ஒரு நிரலின் எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம். பத்து வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பெயர்கூட நிற்கும். பாயில் தேதி இருக்கிறது, ஆள் இல்லை. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்ட செய்தி இந்தப் பாயைப் பற்றிய எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அந்தப் பாயை நெய்த கை யாருடையது என்பது நான் படித்த எதிலும் இல்லை. கோரையை நாட்கணக்கில் ஊறவைத்து நுணுக்கமாக்கும் முறையைக் கண்டவர் என்று ஹசன் பாவா லப்பை என்ற ஒரு பெயரைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் மொத்தமும் "பத்தமடை" என்ற ஊர்ப் பெயருக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது லேசானதும் இல்லை. ஜப்பானில் யானகி சோயெட்சு 1920-களில் 'மிங்கெய்' என்று, அதாவது மக்கள் கலை என்று, ஒரு கருத்தைக் கொண்டுவந்தார். 1936-இல் டோக்கியோவில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அவர் பார்வையில் பெயர் தெரியாத கைவினைஞன் செய்த அன்றாடப் பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது. கையெழுத்துப் போட ஆரம்பித்தால் அகந்தை வந்துவிடும். நமக்கு நெருக்கமான ஆனந்த குமாரசுவாமியும் 1909-இல் வெளியான 'இந்தியக் கைவினைஞன்' நூலில் ஊர் சமூகத்துக்குள் தனக்கென இடம் பெற்றிருந்த கைவினைஞனைத்தான் உயர்த்திப் பேசுகிறார். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பெயரின்மையின் அழகைக் கண்டவர்கள் இருவருக்கும் பெயர் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெயரில்லாத பொருளுக்கு விலை சொல்கிறவர் எப்போதும் நடுவில் இருப்பவர்தான். குமாரசுவாமியின் கைவினைஞனுக்காவது ஊரில் மானியமும் மரியாதையும் இருந்தன. முன்கட்டில் குனிந்து உட்கார்ந்து முதுகு போன பெண் அந்தப் புத்தகத்துக்குள் வரமாட்டார்.

சரி, புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். பத்தமடைப் பாய்க்கு 2012-13-இல் கிடைத்தது. 1999-இல் சட்டம் இயற்றி, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பதிவகமும் சென்னையிலேயே இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. ஊரில் உள்ள ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியாகப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தாலும் பாயின் மேல் அவர் பெயர் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "மாடல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்ட பையனைப் பிடிக்க யார் வரப்போகிறார்கள்? விருது வாங்கிய நெசவாளர்கள் பத்தமடையில் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் சான்றிதழில் இருக்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, பாய் மட்டும் பெயரில்லாமல் பஸ் ஏறுகிறது.

இவ்வளவையும் மனதுக்குள் கட்டிக்கொண்டு, ஏதோ பெரிய நியாயம் செய்யப் போகிற நினைப்பில் அந்த அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, பொண்ணு மாப்பிள்ளை பேரு ரெண்டும் போட்டுட்டு, கரை ஓரத்துல சின்னதா உங்க பேரையும் நெய்ஞ்சிருங்க."

அவர் சிரித்தே விட்டார். "அது புதுசாக் கட்டிக்கிட்ட பிள்ளைங்க படுக்குற பாயி. அதுல எம்பேரு எதுக்கு? நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. யானகியை மடக்கத் தெரிந்தது, இவரை மடக்கத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மகள் வந்து டீ கொடுத்தார். அந்த அம்மா கோரைக் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சிரிப்பு மாறாமல் அடுத்ததைச் சொன்னார். "பேரு போடுறதுக்குப் பதிலா துட்டக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க தம்பி. கடைக்காரங்க கேக்குற வெலையத்தான் நீங்களும் கேக்கிய."

உண்மைதான். நேரில் வந்துவிட்டேன், இடைத்தரகு இல்லை, அதனால் குறைவாகக் கிடைக்கும் என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். கடை விற்கிற விலையை நான் அவரிடம் சொல்லவே இல்லை, கடை கொள்முதல் செய்கிற விலையிலிருந்துதான் பேச்சை ஆரம்பித்திருந்தேன். குற்றாலத்துக் கொட்டகைக்காரரை இவ்வளவு நேரம் விமர்சனம் செய்த ஆள் நான்.

கடை விலையையே கொடுப்பதாகச் சொல்லி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ஒரு தாளில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். மாப்பிள்ளை பெயரில் 'ஸ்ரீ' வருகிறது. அதைப் பார்த்ததும் மகளைக் கூப்பிட்டு, "இந்த எழுத்துக்கு எத்தன கோரை பிடிக்கும்னு பாரு" என்றார். இரண்டு பேரும் தாளைத் தரையில் வைத்து, விரலால் அளந்து, ரொம்ப நேரம் பேசிக்கொண்டார்கள். சாதாரணமாக எழுதினால் போதுமே என்றேன். "பேரு பேரா இருக்கணும்லா" என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசிக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பார்சலில் அனுப்ப மாட்டாராம். மடித்துப் பார்த்து வாங்க வேண்டுமாம்.