குறைய வேண்டிய வரி, குறையக் கூடாத பணி

புகையிலைத் தடுப்புக்கு நிதி எங்கிருந்து வருகிறது, யார் கையால் செலவாகிறது என்ற இரு கேள்விகளுக்கும் கலிபோர்னியா 1988இல் விடை காணத் தொடங்கியது. அந்த நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 99ஆம் முன்மொழிவு, சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி விதித்தது. வரும் தொகையில் 20 விழுக்காடு தடுப்புக் கல்விக்கும் 5 விழுக்காடு ஆராய்ச்சிக்கும் என்று பங்கீட்டையும் வரையறுத்தது.

பணியைப் பிரித்துக்கொடுத்தது, அதைச் செயல்படுத்த 1989இல் வந்த சட்டம். விளம்பர இயக்கம், பயிற்சி, மதிப்பீடு ஆகியவை மாநில சுகாதாரத் துறையின் பொறுப்பு. களப்பணி மாவட்டம் போன்ற 58 கவுன்ட்டிகளுக்கும் பெர்க்லி, லாங் பீச், பாசடீனா நகரங்களுக்கும் உரியது. தம் ஊருக்கு எது முதல் தேவை என்பதை அவையே ஆராய்ந்து திட்டமிடுகின்றன.

இந்தப் பகிர்வே இம்முறையின் பெரும் பலம். புகைக்குத் தடை என்பது கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஏற்க வேண்டிய நடைமுறை. உள்ளூரில் பேசிப் பழகாமல் அது நிலைக்காது. 1990இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரம் மதுக்கூடங்கள் உட்பட எல்லா உள்ளரங்கப் பொது இடங்களிலும் புகையை விலக்கியது. மாநிலமோ பணியிடங்களுக்கு 1995இலும் மதுக்கூடங்களுக்கு 1998இலும்தான் அந்த விதியை நடைமுறைப்படுத்தியது. ஊர்கள் முன்னே நடந்ததால் மாநிலத்துக்குப் பாதை தெரிந்தது. 1988இல் பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் புகைத்தார். 2010களின் நடுவில் அந்த விகிதம் பாதியாகியிருந்தது. விலையேற்றத்துக்கும் நாடு தழுவிய மாற்றத்துக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் உள்ளூர்ப் பணியின் பங்கை மறுக்க முடியாது.

நிதிக்குப் பெயர் எழுதிவைப்பதன் அருமை, எழுதாத இடத்தில் விளங்கும். 1998இல் 46 மாநிலங்கள் சிகரெட் நிறுவனங்களுடன் செய்த உடன்பாட்டால் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் வருவதாக இருந்தது. தடுப்புப் பணிக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பெரும்பகுதி வேறு செலவுகளில் கரைந்தது.

குறைகளும் ஆழமானவை. சட்டத்தில் எழுதியிருந்தும் காவல் தேவைப்பட்டது: 1992இல் ஆளுநர் பீட் வில்சன் நிர்வாகம் விளம்பர இயக்கத்தை நிறுத்த முயன்றபோது, அமெரிக்க நுரையீரல் சங்கம் நீதிமன்றம் சென்றுதான் அதை மீட்டது. பெருங்குறை, நிதியின் ஊற்றிலேயே இருக்கிறது. புகைப்போர் குறைந்தால் வரி குறையும். 25 சென்ட் என்பது நிலையான தொகை, விலைவாசியோடு ஏறாது. 2016இல் 56ஆம் முன்மொழிவு 2 டாலர் வரி சேர்த்ததும் நிதி பெருகியது. அதுவும் ஒருநாள் இதே வழியில் வற்றும். சுமார் 1,200 பேர் வாழும் ஆல்பைன் கவுன்ட்டியும் ஒரு கோடியை நெருங்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியும் திட்டம், அறிக்கை, மதிப்பீடு எல்லாம் தர வேண்டியிருக்கிறது. ஓரிரு ஊழியர் உள்ள அலுவலகத்தில் அந்த எழுத்துப் பணியே களப்பணியின் நேரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே முறையைக் கைவிட வேண்டியதில்லை, முழுமையாக்க வேண்டும். வரி பெருகும் ஆண்டில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, வற்றும் ஆண்டில் உள்ளூருக்குத் தர வேண்டும். சிறு கவுன்ட்டிகளின் அறிக்கைப் பணியை எளிதாக்க வேண்டும். கடைசிப் புகைப்பழக்கக்காரரை மீட்பதுதான் கடினமான பணி. அவரை நெருங்கும்போது ஊழியர் கையில் பணம் இருக்க வேண்டும்.