வெள்ளவத்தைக் கோப்பித்தூள்

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடைகளில் வாங்கும் கோப்பித்தூளைப் பிரித்தால் முதலில் எழும்புவது மல்லி வாசம், பிறகுதான் கோப்பி. கோப்பிக்கொட்டையோடு மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து அரைத்த தூள் அது. கொதிதண்ணீர் ஊற்றி, மண்டி அடியில் இறங்கும்வரை பொறுத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். கசப்பு நாக்கில் தங்காது. சுக்கின் காரம் தொண்டையில் நிற்கும்.

ஆசியக் கொட்டைகளுக்குப் பொதுவாகப் புளிப்புக் குறைவு, கனம் கூட. சுமாத்திராக் கோப்பியில் ஈரமண் வாசம் வருவது, நன்றாகக் காயுமுன்னே தோலை உரிப்பதால். மலபாரில் பருவக்காற்றின் ஈரம் குடித்த கொட்டை வெளிறிப் பருத்து, புளிப்பை இழந்துவிடும். இந்தக் கனம்தான் மல்லியையும் சுக்கையும் தாங்கும். பூமணமும் எலுமிச்சைப் புளிப்பும் கொண்ட எத்தியோப்பியக் கொட்டையில் அந்தக் கலவை எடுபடாது என்பது என் கணிப்பு.

இலங்கையிலும் ஒருகாலத்தில் கோப்பிப் பெருந்தோட்டங்கள் இருந்தன; 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அவற்றை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. ஆனாலும் மலைநாட்டு வீட்டுத்தோட்டங்களில் கோப்பிச்செடி தப்பிப் பிழைத்தது.

தூள் வாங்கும்போது புதிதாக அரைத்ததாய்ப் பார்த்து, கொஞ்சமாக வாங்குங்கள். மல்லி வாசம் கெதியில் போய்விடும்.